ரேந்தை பின்னிய பிள்ளைகள்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. மார்கழித் திருவிழாவுக்கு சுசீந்திரம் போயிட்டு வந்த கையோட இதை எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

தேர் பார்த்துட்டு வீட்டுக்கு வந்தா, ஆச்சி பீரோவை ஒதுக்கிக்கிட்டு இருந்தாங்க. கீழ்த்தட்டுல ஒரு கட்டு டீ-ஷர்ட். அதை ஒவ்வொண்ணா கிழிச்சு கரித்துணி ஆக்கிட்டு இருக்காங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அந்தக் கட்டுதான் என்னோட முதல் கம்பெனி. உதவி பண்ணலாம்னு பக்கத்துல கிடந்த ஒரு வெள்ளைத் துணியையும் கையில எடுத்தேன். ஆச்சி வெடுக்குனு பிடுங்கிக்கிட்டாங்க.

"மக்ளே, இது ரேந்தை வச்ச தலையணை உறையாக்கும். இதுல தூசு தொடைக்கப் பிடாது."

லேஸுக்கு எங்க ஊர்ப் பக்கம் ரேந்தைன்னு பேரு. போர்த்துகீசியத்துல இருந்து வந்த சொல். ஆச்சி கல்யாணமாகி வந்த புதுசுல, நாகர்கோவில்ல இருந்து ஒரு அம்மா துணிமூட்டையோட வீடு வீடா வருவாங்களாம். கையால பின்னின ரேந்தை. முழம் கணக்குல விலை. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு கண்ணி விடலை. என் டீ-ஷர்ட் ஆறே வருஷத்துல கரித்துணி. :-)

சரி, அந்தக் கம்பெனி கதையை முதல்ல சொல்லிடறேன். கொசுவத்தி சுத்திக்கோங்க.

என்ஜினியரிங் மூணாவது வருஷம். காலேஜ்ல 'மாணவர்களிடம் தொழில்முனைவு மனப்பான்மை வளர்த்தல்'னு ஒரு நாள் கூட்டம் போட்டாங்க. கோட் போட்ட ஒருத்தர் வந்தார். 'வேலை தேடாதே, வேலை கொடு'ன்னார். எல்லாரையும் எழுந்து நின்னு 'என்னால் முடியும்'னு மூணு தடவை கத்தச் சொன்னார். கத்தினோம். மத்தியானம் தயிர்சாதம், சாயந்திரம் சர்டிபிகேட். அந்தச் சூட்டோட நானும் ரூம்மேட்டும் திருப்பூர்ல இருந்து 60 டீ-ஷர்ட் வரவழைச்சு, டிபார்ட்மெண்ட் பேர் போட்டு விக்கக் கிளம்பினோம். ஒண்ணு 140 ரூபாய்னு முதல் 8400. 220 ரூபாய்க்கு 23 போச்சு. அதுல வந்தது 5060. அப்புறம் இன்டர்னல் டெஸ்ட் வந்துச்சு, கம்பெனி படுத்துடுச்சு. மீதி 37-ல கொஞ்சம் சொந்தக்காரங்களுக்கு தானம், மிச்சம் ஆச்சி பீரோவுல. மொத்தம் ஆறு வாரம். விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி!

அன்னிக்கு ராத்திரி அந்த ரேந்தையைத் தடவிப் பார்த்துக்கிட்டு இருந்தப்ப ஒண்ணு தோணுச்சு. மாணவர்கள் தொழில் கத்துக்கிட்டது, சம்பாதிச்சது, விடாம நின்னதுன்னு எங்க ஊர்லேயே 200 வருஷத்துக்கு முந்தின ஒரு கதை இருக்கு. சுசீந்திரத்துல இருந்து பஸ் ஏறினா கால் மணி நேரத்துல போயிடற நாகர்கோவில்ல நடந்தது. மேடையில கத்தின யாருக்கும் அது தெரியாது. எனக்கும் முழுசாத் தெரிஞ்சிருக்கலை. அதான் இந்தப் பதிவு.

அப்போ நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்துச்சு. நம்ம தாணுமாலயன் கோயிலைச் சுத்தி, பழையாத்துத் தண்ணியில ரெண்டு போகம் விளையுற வயல். அந்த வயல்ல இறங்கி வேலை செஞ்சவங்கள்ல ஒரு பெரிய பகுதி அடிமைகள். ஒரு பேச்சுக்குச் சொல்லலை. வாங்கி, விற்று, ஒத்தி வைக்கக் கூடிய அடிமைகள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள்ல நிலம் விற்ற ஓலை மாதிரியே ஆள் விற்ற ஓலையும் இருக்கு. அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பிச்சிருக்கார். நெல் அளந்த அதே கை, அதே எழுத்தாணியால மனுஷனுக்கும் விலை எழுதியிருக்கு.

இந்த நாட்டுக்குள்ள லண்டன் மிஷன் சங்கம் முதல்ல வந்தது சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊரான மயிலாடிக்கு. மயிலாடி வேதமாணிக்கம் கூப்பிட்டு, 1806-ல் ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மன்காரர் வந்தார். அவர் 1816-ல் கிளம்பிப் போன பிறகு சார்லஸ் மீட் வந்து, தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1819 கடைசியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் வந்து சேர்ந்தார்கள். மீட், மால்ட் குடும்பத்துப் பெண்கள் அந்த ஆண்டுகளில் பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைக்கு நாகர்கோவிலில் இருக்கிற டதி பெண்கள் பள்ளிக்கு வேர் அதுதான்.

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பிள்ளைகள் வரணுமே? பொட்டப்பிள்ளை படிச்சு என்ன கச்சேரியிலயா உத்தியோகம் பார்க்கப் போவுதுன்னு கேட்ட காலம். வந்தவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள், அவர்களில் சிலர் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர்கள். சோறு போட வேண்டும், துணி கொடுக்க வேண்டும். லண்டனில் இருந்து வரும் காசு போதாது. இங்கேதான் மார்த்தா மால்ட் தனக்குத் தெரிந்த ஒரு கைத்தொழிலைக் கொண்டு வந்தார். 1821-ல் அந்தப் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையலோடு ரேந்தையும் ஒரு பாடம்.

நமக்கு ரேந்தைன்னா கொக்கி ஊசி வச்சுப் பின்றதுதான் ஞாபகம் வரும். இது வேற. மடியில ஒரு கெட்டியான தலையணை. அதுமேல, துளை போட்ட ஒரு அட்டை. எந்தத் துளையில குண்டூசி குத்தணும்னு அந்த அட்டை சொல்லும். நூலெல்லாம் சின்னச் சின்ன மரக்குச்சிகள்ல சுத்தியிருக்கும். அந்தக் குச்சிகள் எப்பவும் ஜோடி ஜோடியாத்தான் வேலை செய்யும். ஒரு நேரத்துல ரெண்டு ஜோடியை எடுக்கணும். அதை வச்சு ரெண்டே ரெண்டு அசைவு. ஒண்ணு குறுக்கே மாத்துறது, இன்னொண்ணு முறுக்குறது. எவ்வளவு சிக்கலான பூவா இருந்தாலும் சரி, கொடியா இருந்தாலும் சரி, இந்த ரெண்டு அசைவுதான் மாறி மாறி வரும். துளை போட்ட அட்டை, ரெண்டே ரெண்டு செயல்! ஒண்ணும் சுழியும் வச்சுப் பொழப்பு நடத்துற எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

ஆனா நம்ம கம்ப்யூட்டருக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதுல பின்னாடி போற பட்டன் கிடையாது. நாலு வரிசைக்கு முன்னாடி ஒரு முறுக்கை விட்டிருந்தா, குண்டூசியை ஒவ்வொண்ணா எடுத்து, குச்சிகளை வந்த வழியே திருப்பிக்கிட்டு போய் அங்கிருந்து மறுபடி பின்னணும். அகலமான ரேந்தைக்கு ஜோடிகள் கூடிக்கிட்டே போகும். நாள் பூரா உட்கார்ந்தாலும் விரல் நீளத்துல அளக்கிற வேகம்தான். விடாமுயற்சிக்கு இதை விட நல்ல பாடம் எந்தக் கோட் போட்டவரும் எடுத்துட முடியாது.

இன்னொரு வேடிக்கை பாருங்க. நாகர்கோவில்ல இதைச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்த அதே காலத்துல, இங்கிலாந்துல கை ரேந்தைத் தொழில் ஆட்டம் காண ஆரம்பிச்சிருந்துச்சு. ஜான் ஹீத்கோட் என்பவர் ரேந்தை வலை நெய்யும் இயந்திரத்துக்கு 1809-ல் காப்புரிமை வாங்கினார். 1816-ல் லஃப்பரோவில் அவருடைய தொழிற்சாலைக்குள் லட்டைட்டுகள் ராத்திரியோடு ராத்திரியாகப் புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். மனுஷன் அசரவில்லை, டெவன் பகுதிக்குப் போய் மறுபடியும் தொழிற்சாலை வைத்தார். சாதாரண வலையை இயந்திரம் மலிவாக நெய்து தள்ளத் தள்ள, கையால் பின்னிய நயமான ரேந்தைதான் பணக்காரர்கள் தேடும் பொருளாக மிஞ்சியது. நாகர்கோவில் பிள்ளைகளின் வேலைக்கு விலை கிடைத்தது அங்கேதான். இந்தியாவில் இருந்த ஐரோப்பியக் குடும்பங்களும், சங்கத்தின் ஆதரவாளர்களும் வாங்கினார்கள். விற்ற காசில் பள்ளிக்கூடச் செலவு நடந்தது, பிள்ளைகள் கைக்கும் ஒரு பங்கு வந்தது.

அந்தப் பங்கை என்ன செய்தார்கள் என்பதுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம். அடிமையாகப் பிறந்த பிள்ளைகள் சிலர் அந்தக் காசைச் சேர்த்து வைத்து, தங்கள் உடைமைக்காரரிடம் தங்களுடைய விலையைத் தாங்களே கொடுத்து விடுதலை வாங்கினார்கள். மிஷன் பதிவுகளில் இது இருக்கிறது.

இன்னொரு தடவை வாசிச்சுப் பாருங்க. ஒரு மாணவி. தன் கைத்தொழில்ல சம்பாதிச்சு, தன்னையே விலைக்கு வாங்கியிருக்கா. திருவிதாங்கூர்ல அடிமை முறையை முழுசா ஒழிச்சு அரசு அறிவிப்பு வந்தது 1855-ல. சட்டம் வர்ற வரைக்கும் இந்தப் பிள்ளைகள் காத்திருக்கலை. ஒரு முறுக்கு, ஒரு மாற்று, ஒரு குண்டூசின்னு பின்னிக்கிட்டே போய், சட்டத்துக்கு முன்னாடியே வெளியே வந்துட்டாங்க. 37 டீ-ஷர்ட்டை பீரோவுல போட்டுட்டு செமஸ்டர் எழுதப் போன எனக்கு இதைப் படிச்சப்போ எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதெல்லாம் அமைதியான ஊரில் நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். அதே ஆண்டுகளில்தான் தோள்சீலைக் கலவரங்கள். மிஷன் பள்ளியில் படித்த பெண்கள் மேல்சட்டை போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தால் அதைக் கிழித்தார்கள். பள்ளிகளுக்கும் ஜெபக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். 1829-ல் வந்த அரசு அறிவிப்பு குப்பாயத்துக்கு மட்டும் சம்மதித்து, மேல்துண்டு கூடாது என்றது. நாடார் பெண்கள் எல்லாரும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்ற உத்தரவு வர 1859 வரை ஆனது. வெளியே துணியைக் கிழிக்கிற கூட்டம், உள்ளே துணிக்குப் பூ பின்னுகிற பிள்ளைகள். அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார எவ்வளவு மன உறுதி வேண்டியிருந்திருக்கும்!

தொழில் நாகர்கோவிலோடு நிற்கவில்லை. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, ரேந்தை வகுப்பு ஆரம்பித்த மறுவருஷம், 1822-ல் பிறந்தவர். தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை. 1844-ல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டவர் யார் தெரியுமா? நம்ம கால்டுவெல்! திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவரேதான். எலைசா இடையன்குடிக்குப் போய் அங்கேயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், ரேந்தையும் சொல்லிக் கொடுத்தார். கால்டுவெல்லைப் பற்றி ஆயிரம் பதிவு வந்திருக்கும், எலைசாவைப் பற்றி எத்தனை வந்திருக்கும்? நாகர்கோவிலில் படித்து முடித்துக் கல்யாணமான பெண்களும் வீட்டில் இருந்தபடி பின்னினார்கள். ஆச்சியிடம் முழம் போட்டு விற்ற அந்த அம்மா, அந்த வரிசையில் வந்த ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, இதோட முடிச்சா நல்ல தன்னம்பிக்கைக் கட்டுரை. ஆனா ரெண்டு விஷயம் உறுத்துது. அதையும் சொல்லிடறேன்.

முதலாவது, இந்தப் பிள்ளைகளைத் தொழில்முனைவோர்னு சொல்லலாமா? மாதிரியைத் தேர்ந்தெடுத்தது துரைசானி. நூல் வாங்கினது, விலை வச்சது, வாங்கறவங்களோட கடிதம் எழுதினது எல்லாம் துரைசானி. பின்னினவங்க பேரை நாம படிக்கிற சரித்திரம் சொல்றதில்லை. அதே காலத்துல இங்கிலாந்துல 'ரேந்தைப் பள்ளிக்கூடம்'ங்கிற பேர்ல அஞ்சு வயசுப் பிள்ளைகளை நாள் பூரா உட்கார வச்சு வேலை வாங்கினாங்க. அது பச்சையான குழந்தை உழைப்பு. ஆந்திராவுல நரசாபூர் ரேந்தைக்காரப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கேயும் தொழிலைக் கொண்டு வந்தது மிஷனரிகள்தான். ஆனா பெண்கள் 'சும்மா வீட்ல இருக்கிறவங்க'ன்னே கணக்கில் வந்தார்கள், லாபம் வியாபாரிகள் கைக்குப் போனது. தலையணையும் நூலும் பொறுமையும் மட்டும் இருந்தால் யாரும் விடுதலை ஆவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அப்போ நாகர்கோவில்ல என்ன வித்தியாசம்? ஒரு பங்கு காசு பின்னினவள் கைக்கு வந்தது. அதை எண்ணத் தெரிந்த கணக்கும், எழுத்து வாசிக்கிற அறிவும் அதே பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. தன் விலை எவ்வளவு, தன் கையில் இருப்பது எவ்வளவு, இன்னும் எத்தனை முழம் பின்ன வேண்டும் என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்ட அந்தக் கணம், அதைத்தான் நான் தொழில்முனைவு மனப்பான்மை என்று சொல்வேன். கம்பெனி அவளுடையதாக இல்லாமல் இருக்கலாம், கணக்கு அவளுடையது.

இரண்டாவது உறுத்தல் எங்க ஊர் சம்பந்தப்பட்டது. ஒருத்தி உழைத்துத் தன் விலையைக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டாள். ஆனால் மதம் மாறாத அவளுடைய சொந்தக்காரர்கள் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க முடியாது. எத்தனை முழம் ரேந்தை பின்னினாலும் அந்தத் தெருவுக்கு விலை கிடையாது. அதற்கு 1926-ல் டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சுசீந்திரம் சத்தியாகிரகம் தொடங்க வேண்டியிருந்தது. தொண்டர்கள் அடிபட்டார்கள். 1930-ல் மறுபடியும் நடந்தது. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. ரேந்தை வகுப்பு தொடங்கி 115 வருஷம். இந்தத் தடவை நான் தேர் பார்க்க நின்ன இடம் அதே ரத வீதிதான். தனியாளோட விடாமுயற்சியால ஒரு எல்லை வரைக்கும்தான் போக முடியும், அதுக்கப்புறம் கூட்டம் சேர்ந்தாத்தான் ஆகும். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்த ரெண்டாவது பாதியைச் சொல்றதே இல்லை.

இப்போ படிச்சுக்கிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு அறிவுரை சொல்ற தகுதி 37 டீ-ஷர்ட்காரனுக்குக் கிடையாது. இருந்தாலும் எனக்குப் பட்டதைச் சொல்றேன். எங்களுக்கு அன்னிக்குக் குறைஞ்சது துணிச்சல் இல்லை. கத்தச் சொன்னதும் கத்தினோமே! எங்க கையில தொழில் இல்லை. டீ-ஷர்ட்டை வேற யாரோ தைச்சாங்க, வேற யாரோ அச்சடிச்சாங்க, நாங்க நடுவுல நின்னோம். வாங்கினதும் தெரிஞ்ச பசங்கதான், நட்புக்காக. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் பொருளோட தரத்தைப் பார்த்து வாங்கலை. நஷ்டக் கணக்கைக் கூட ஒழுங்கா எழுதி வைக்கலை, இந்தப் பதிவுக்காகத்தான் உட்கார்ந்து போட்டேன். தப்பான முறுக்கைத் தேடிப் பின்னாடி போய்ப் பிரிச்சுப் பின்னியிருக்கணும். நாங்க தலையணையையே தூக்கி வீசிட்டோம். அவ்வளவுதான் விஷயம்.

மூணு தடவை கத்தினா விடாமுயற்சி வந்துடாது. அவசரப்பட்டா முடியாத ஒரு கைவேலை வேணும், அதுல வர்ற காசு கொஞ்சமாவது தன் கையில எண்ணிப் பார்க்கக் கிடைக்கணும். காலேஜ்ல ஒரு நாள் கூட்டம் போடறதுக்குப் பதிலா, மூணு வருஷத்துக்கு ஒரு தொழிலைக் கத்துக் கொடுத்து, விற்ற காசைப் பசங்க பேர்லயே எழுதி வச்சா எப்படி இருக்கும்?

கிளம்புற அன்னிக்கு ஆச்சிகிட்ட அந்த உறையைக் கேட்டேன். சென்னைக்கு எடுத்துட்டுப் போய் வச்சுக்கலாம்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

"உன்னை நம்பித் தர முடியாது மக்ளே. இந்தா, இதைக் கொண்டு போ"ன்னு ரெண்டு கரித்துணியைக் கையில குடுத்தாங்க. இப்போ என் பைக்கைத் தொடைக்கறது அதாலதான்.

உங்க வீட்ல யாராவது ரேந்தை பின்னியிருக்காங்களா? முளகுமூடு, இடையன்குடி, நெய்யூர்ப் பக்கத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பின்னினவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க. அந்தப் பிள்ளைகள் பேர்தான் கிடைக்காமப் போச்சு, இவங்க பேராவது இருக்கட்டும்.